பி210 பிஸ்டல் வாங்கலாமா, ஷேடோ 2 போதுமா? கடையில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஃபிரிஸ்கோ ராம்நாட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன், கிரீன் கார்டு கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. கிடைத்த வருடமே ஒரு கிளாக் 17 பிஸ்டல் வாங்கினேன், மாதம் இரண்டு தடவையாவது துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்விடுவேன். அதற்கு முன்னால் நம் துப்பாக்கி அனுபவம் என்றால் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் சுட்ட ஐந்து குண்டு, மெரினாவில் உடைத்த பலூன்கள், அவ்வளவுதான்.

கிளாக்கைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாயிரம் ரவுண்டு தாண்டிவிட்டது, ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை. ஆனால் போன மாதம் ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா மரப்பிடி போட்ட ஒரு துப்பாக்கியை வைத்து அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு "ஒரு மேகசின் சுட்டுப் பார்" என்று நீட்டினார். சிக் சாவர் பி210. அதன் மேகசினில், அதாவது குண்டு அடுக்கும் பெட்டியில், மொத்தமே எட்டு குண்டு. 15 யார்டில் எட்டும் ஒரு பணியாரம் அளவுக்குள் விழுந்தன. அதே தூரத்தில் என் கிளாக்கில் சுட்டால் நல்ல நாளிலேயே இட்லி அளவுதான். அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

இப்போது மூன்று வழி கண்ணில் படுகிறது. அமெரிக்காவில் செய்த புதிய பி210 டார்கெட், இங்கே கடையில் 1,700 டாலருக்குக் கொஞ்சம் மேல். இல்லாவிட்டால் சி.இசட். ஷேடோ 2, 1,400 டாலருக்குள் முடியும். மூன்றாவது, இணைய ஏலத்தில் பழைய சுவிஸ் பி210 ஒன்று, ராணுவத்தில் இருந்ததாம், 2,900 கேட்கிறார்கள். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அந்தக் காசில் ஒரு ஆள் ஊருக்குப் போய்விட்டு வந்துடலாம்" என்று ஒரே வரியில் கணக்கு முடிந்தது.

என் கேள்வி: கிளாக்கை விட மூன்று மடங்கு விலை கொடுக்கிறோமே, அந்தக் காசு உண்மையில் எங்கே போகிறது? கடையில் சுட்டுப் பார்க்க விடமாட்டார்கள், கையில் வாங்கி ஐந்து நிமிடம் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது? தற்காப்புக்கு இல்லை, இடுப்பில் கட்டிக்கொண்டு திரியவும் இல்லை. பேப்பரில் ஓட்டை போட மட்டும்தான்.

*

ஹூஸ்டன் பெரிசு:

தம்பி, முதலில் ஒரு விஷயம். பணியாரத்தைச் சுட்டது துப்பாக்கி மட்டும் இல்லை. அந்தத் தாத்தா அவசரமில்லாமல் சுட்டதைப் பார்த்து நீங்களும் அவசரமில்லாமல் சுட்டிருக்கிறீர்கள். உங்கள் கிளாக்கை எடுத்து அதே நிதானத்தில் எட்டே எட்டு குண்டு சுட்டுப் பாருங்கள், இட்லி கொஞ்சம் சின்னதாகும். சரி, ஆசையைக் கெடுக்க வரவில்லை. நானும் இருபது வருடமாக இதில் காசைக் கரைத்தவன்தான்.

காசு எங்கே போகிறது என்று கேட்டீர்கள். பி210 கதையில் இருந்தே அது புரியும். சார்ல்ஸ் பெட்டர் என்று ஒரு சுவிஸ்காரர், பிரான்ஸில் ஒரு கம்பெனிக்காக 1935ஏ என்ற பிஸ்டலை வடிவமைத்தார். அடிப்படையில் பிரவுனிங் சாய்பேரல் ஏற்பாடுதான் (சுட்டதும் பேரல், அதாவது குழல், கொஞ்சம் சாய்ந்து பூட்டு விடும்). அதன் உரிமையை சிக் கம்பெனி 1937-இல் வாங்கி, பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்து மெருகேற்றி, 1949-இல் சுவிஸ் ராணுவத்தில் சேர்த்தது. சிவிலியன்களுக்கு எஸ்.பி. 47/8 என்று விற்றார்கள், பி210 என்ற பேர் 1957-இல் வந்தது. டென்மார்க் ராணுவமும் வாங்கியது. 1975-இல் சுவிஸ் ராணுவம் பி220-க்கு மாறியதற்குப் பெரிய காரணம் விலைதான், பி210 செய்ய அவ்வளவு செலவு பிடித்தது. துல்லியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பழைய பி210 பெட்டியில் 50 மீட்டரில் சுட்ட சோதனைத் தாள் ஒன்று வரும். 50 மீட்டர்! நாம் 15 யார்டுக்கே கண்ணாடி துடைக்கிறோம்.

அதில் முக்கியமான விஷயம் ஸ்லைடு, சுடும்போது பின்னால் போய் முன்னால் வரும் மேல்பகுதி. பிரேம் என்பது பிடியோடு சேர்ந்த அடிப்பகுதி. பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு பிரேமின் வெளிப்பக்கம் தொற்றிக்கொண்டு ஓடும். பி210-இல் பிரேமுக்கு உள்ளே ஓடும், முழு நீளத்துக்கும் தாங்கிப் பிடிக்கும். தீப்பெட்டியின் உள்தட்டு உறைக்குள் போய்வருவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பேரலும் ஸ்லைடும் பிசகாமல் அதே இடத்துக்கு வந்து உட்காருவதால்தான் குண்டு அதே இடத்துக்குப் போகிறது. பின்னால் வந்த சி.இசட். 75-உம் இதே ஏற்பாடுதான். அதாவது நீங்கள் கேட்கும் ஷேடோ 2 பி210-க்கு ஒரு வகையில் தம்பி முறை. விலை கம்மி, ரத்தம் ஒன்று.

அடுத்தது ட்ரிகர். கிளாக் ட்ரிகர் சுமார் 5.5 பவுண்டு, இழுப்பதே பழைய சைக்கிள் பிரேக் கம்பியை இழுப்பது மாதிரி. பி210-இல் கொஞ்சம் வெறும் இழுப்பு, ஒரு இடத்தில் நிற்கும், அங்கிருந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது மாதிரி டக்கென்று விடும். குறியைக் கலைக்காமல் சுட முடிவது இதனால்தான். நீங்கள் கொடுக்கும் அதிகப்படி காசில் பாதி இந்தக் காம்பைக் கிள்ளுவதற்குத்தான் என்று நான் சொல்வேன். மீதி பேரலையும் ஸ்லைடையும் ஒன்றுக்கொன்று பொருத்துகிற வேலைக்கு. இது இரண்டும் இல்லாமல் விலை மட்டும் அதிகமாக இருந்தால் அது பெயருக்கும் பெட்டிக்கும் கொடுக்கிற காசு.

கடையில் ஐந்து நிமிடம் என்றால் இப்படிச் செய்யுங்கள். விற்பனைக்காரர் காலி என்று காட்டிக் கொடுத்தாலும் நீங்கள் ஒரு தடவை மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, குண்டு உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், அதைச் செய்யாதவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வெறும் ட்ரிகர் இழுத்துப் பார்க்க முன்னாலேயே அனுமதி கேளுங்கள். அப்புறம் ஸ்லைடு மூடியிருக்கும்போது பேரலின் பின்பகுதியை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள், கீழே இறங்கினால் பூட்டு சரியாக விழவில்லை என்று அர்த்தம். ஸ்லைடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வது, ஆனால் கொஞ்சம் ஆடினால் பயப்பட வேண்டாம். பேரல் ஸ்லைடோடு பூட்டும் இடம்தான் துல்லியம், பிரேம் ஆட்டம் அதற்கு அடுத்தபடிதான். ட்ரிகரைப் பத்து தடவை இழுங்கள். முதல் தடவை எல்லா ட்ரிகரும் நன்றாகத்தான் இருக்கும், பத்தும் ஒரே மாதிரி விடுகிறதா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைச் சுவரில் ஒரு புள்ளியை நோக்கித் தூக்குங்கள். கண்ணைத் திறந்ததும் முன்குறி பின்குறியின் நடுவில் நிற்க வேண்டும். இடமோ வலமோ ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகத் தள்ளி நின்றால் அந்தப் பிடி உங்கள் கைக்கு இல்லை, எவ்வளவு விலை கொடுத்தாலும் சரி. என் முதல் 'நல்ல' துப்பாக்கியில் நான் இதைச் செய்யவில்லை. இரண்டு வருடம் இடது பக்கமே சுட்டுக்கொண்டிருந்தேன், குறியைத் திருகித் திருகி.

பழைய சுவிஸ் விஷயம் எனக்குப் பயமாக இருக்கிறது. அதை யாராவது அனுபவப்பட்டவர் சொல்லட்டும்.

*

ஷேடோ பைத்தியம்:

பெரிசு சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்கமாட்டேன், ஆனால் தம்பி முறை என்று சொல்லி ஷேடோவை ஓரம் கட்டுகிறாரே! நான் யு.எஸ்.பி.எஸ்.ஏ. மேட்ச் (நேரம் பார்த்து, ஓடி ஓடிச் சுடும் போட்டி) நாலு வருடமாகச் சுடுகிறேன், ஷேடோ 2-இல் இருபதாயிரம் ரவுண்டைத் தாண்டிவிட்டது. 2016-இல் வந்த துப்பாக்கி, உலகப் போட்டி அமைப்பான ஐ.பி.எஸ்.சி.-யின் புரொடக்ஷன் பிரிவை மனதில் வைத்தே செய்தது. முழுக்க ஸ்டீல், காலியாகவே 1.3 கிலோவுக்கு மேல். கிளாக் காலியாக முக்கால் கிலோகூட வராது. அந்த எடை முழுக்க உதைப்பைத் தின்றுவிடும். அடுத்த குண்டுக்கு முன்குறி தானே வந்து நிற்கும். மேகசினில் 17 வேறு.

ஆனால் தெரிந்து வாங்குங்கள். ஷேடோவில் ஃபயரிங் பின் பிளாக் (ட்ரிகரை இழுக்காமல் வெடித்துவிடாதபடி தடுக்கும் பாகம்) கிடையாது, ட்ரிகர் நன்றாக இருக்க வேண்டும் என்றே விட்டுவிட்டார்கள். இதை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றும் துப்பாக்கியாக நினைக்காதீர்கள். ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியை) பத்திரமாக இறக்கும் டீகாக்கர் லீவரும் இல்லை. முதல் குண்டை டபுள் ஆக்ஷனில், அதாவது ட்ரிகரின் நீண்ட இழுப்பே ஹேமரைத் தூக்கி விடும் முறையில், சுட வேண்டும் என்றால் நிறைந்த சேம்பரோடு ஹேமரைக் கையால் இறக்க வேண்டும். மேட்சில் அதைச் செய்யும்போது துப்பாக்கி மண்மேட்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், விரல் நழுவினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. நிறையச் சுட்டால் ஸ்லைடு ஸ்டாப் ஒரு நாள் ஒடியும், ட்ரிகர் ஸ்பிரிங்கும் அப்படித்தான். இரண்டுக்கும் உபரி பையில் கிடக்கும், பெரிய செலவு இல்லை.

உங்கள் கை எவ்வளவு பெரியது? நம்ம ஆட்களில் பாதிப்பேருக்கு டபுள் ஆக்ஷனில் ட்ரிகர் எட்டுவதே பாடு. எட்டவில்லை என்றால் மெல்லிய கிரிப் மாட்டலாம், ஆனால் அதை வாங்கும் முன்பே பாருங்கள். ஸ்லைடு பிரேமுக்குள் ஓடுவதால் பிடித்து இழுக்க உயரமும் கம்மி, வேர்த்த கையில் வழுக்கும். டெக்ஸாஸ் ஆகஸ்டில் வெளி ரேஞ்சில் சுட்டவருக்குப் புரியும்.

பேப்பரில் ஓட்டை போட மட்டும் என்றால் பி210, நாளைக்கு மேட்ச் ஆசை வரும் என்றால் ஷேடோ. வரும். எல்லோருக்கும் வரும்.

*

எடிசன் ஆள்:

டெக்ஸாஸ்காரர்கள் பேசுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனியாக வாங்கும் பெர்மிட் எடுக்க வேண்டும், 90 நாளில் காலாவதி, 30 நாளுக்கு ஒன்றுதான் வாங்கலாம். மேகசின் 10 குண்டுக்கு மேல் கூடாது. எனக்கு பி210-இன் எட்டு குண்டு குறையாகவே தெரியவில்லை, சட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியே செய்த துப்பாக்கி மாதிரி இருக்கிறது. ஷேடோ என்றால் 10 குண்டு மேகசின் தேடி வாங்க வேண்டும். கலிஃபோர்னியா நண்பர்கள் படித்தால், அங்கே மாநில ரோஸ்டரில், அதாவது விற்க அனுமதித்த மாடல்களின் பட்டியலில், அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கனவு காணுங்கள், பத்து நாள் காத்திருப்பு வேறு.

ராம்நாட்டாருக்கு ஒரு சின்னக் குறிப்பு. உங்கள் பெயர் லைசென்ஸில் எப்படி இருக்கிறது? கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் நம் இனிஷியல் வழக்கம் பெரிய தலைவலி. முழுப் பெயர் இல்லாமல் இனிஷியல் மட்டும் இருந்தால் அதன் பக்கத்தில் ஐ.ஓ. என்று எழுத வேண்டும், நடுப்பெயரே இல்லை என்றால் என்.எம்.என். என்று எழுத வேண்டும். என் மச்சான் இரண்டையும் விட்டுவிட்டு எழுதி, கடைக்காரர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, அதற்குள் கடை மூடும் நேரம் வந்துவிட்டது.

*

கரூர் டு கேரி:

பழைய சுவிஸ் துப்பாக்கியைப் பற்றி 'அனுபவப்பட்டவர்' என்று பெரிசு கூப்பிட்டாரே, வந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இணைய ஏலத்தில் ஒன்று வாங்கினேன். விற்றவர் யார், எந்தத் தளம் என்பதெல்லாம் வேண்டாம், முடிந்த கதை. பத்துப் படம் போட்டிருந்தார், பத்தும் இடது பக்கம். 'ராணுவத் துப்பாக்கி, அசல் நிலை' என்று எழுதியிருந்தார். சுவிஸ் ராணுவ பி210-இல் வரிசை எண் ஏ என்று தொடங்கும். வீரர் ஓய்வு பெற்று அதைத் தன்னோடு எடுத்துப்போனால் பி என்று ஒரு முத்திரை அடிப்பார்கள், தனியார் என்பதற்காக. அந்த பி-ஐப் படத்தில் பார்த்ததுமே எனக்குக் கால் தரையில் இல்லை. பிரேம், ஸ்லைடு, பேரல் மூன்றிலும் எண் பொருந்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை.

கையில் வந்ததும் கழற்றிப் பார்த்தால் பேரலில் வேறு எண். நன்றாகச் சுட்டது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் நான் கொடுத்தது சேகரிப்பு விலை, வந்தது பாகம் மாற்றிய துப்பாக்கி. அப்புறம் வெயிலில் வைத்துப் பார்த்தபோது எழுத்துகளின் ஓரம் எல்லாம் மழுங்கியிருந்தது, திருகு ஓட்டைகளின் விளிம்பு குழிந்து உருண்டிருந்தது. யாரோ தேய்த்து மறுபடி நிறம் ஏற்றியிருக்கிறார்கள். கோயிலில் பழைய கல்வெட்டுக்கு மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, ஏனென்றால் நான் செய்த தப்பு இதுதான், நன்றாகக் கவனியுங்கள். வேறு மாநிலத்தில் இருந்து வரும் கைத்துப்பாக்கி நேராக நம் வீட்டுக்கு வராது, நம் ஊரில் உரிமம் உள்ள கடைக்குத்தான் வரும். அங்கே 4473 நிரப்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேசையிலேயே கழற்றி, டார்ச் அடித்து, எண்களைப் பார்த்துவிட வேண்டும். அதுவரை 'வேண்டாம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். நம் பேருக்கு மாற்றிய பிறகு பெரும்பாலான விற்பவர்கள் திரும்ப எடுப்பதில்லை. நான் சந்தோஷத்தில் படிவத்தை முதலில் நிரப்பினேன், பெட்டியை அப்புறம் திறந்தேன்.

இன்னொன்று. பழைய பி210-இல் மேகசின் கழற்றும் பித்தான் பிடியின் அடியில், குதிகால் மாதிரி இருக்கும், இரண்டு கையும் வேண்டும். ஹேமர் பின்னால் வரும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைக் கடிக்கும். என் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் வால் நீட்டி, பித்தானைக் கட்டைவிரல் பக்கம் கொண்டுவந்து இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். சுடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் புதியதை வாங்குங்கள். அலமாரியில் வைத்துப் பார்க்க என்றால் பழையது. அதற்கு 2,900 கேட்கிறவர் மூன்று எண்களையும் படம் எடுத்து அனுப்பமாட்டேன் என்றால் அன்றோடு விட்டுவிடுங்கள்.

*

புதுசா வந்தவன்:

நான் எச்1பி-இல் இருக்கிறேன். ராம்நாட்டார் மாதிரி நானும் வாங்கலாமா? ரூம்மேட் சிட்டிசன், அவன் பேரில் வாங்கி நான் காசு கொடுத்தால்?

*

ஹூஸ்டன் பெரிசு:

தம்பி, இரண்டாவது வரியை உடனே மறந்துவிடுங்கள். அதற்கு ஸ்ட்ரா பர்ச்சேஸ் என்று பேர், ஃபெடரல் குற்றம், 2022 சட்டத்துக்குப் பிறகு 15 வருடம் வரை சிறை. 4473-இல் 'உண்மையில் வாங்குவது நீதானா' என்று நேராகவே கேட்கிறார்கள், ரூம்மேட்டும் மாட்டுவான், நீங்களும் மாட்டுவீர்கள், கிரீன் கார்டு கனவும் போகும். முதல் வரிக்குப் பதில்: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே பொதுவாகச் சட்டம் அனுமதிக்காது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பிக் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதில் முகம் தெரியாதவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டாம், என்னையும் சேர்த்து.

இங்கேயே எல்லோருக்கும் இன்னொன்று சொல்லிவிடுகிறேன். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது தூக்காதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை ஏர்போர்ட்டில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு ஆகும். 9 எம்.எம். அங்கே சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்த வகை, பேச்சே எடுபடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் போனவர், முகூர்த்தத்தை வீடியோவில் பார்த்தார்.

*

கேட்டி கவுண்டர்:

எல்லாம் சரி, ஆயுத பூஜைக்கு 1,700 டாலர் துப்பாக்கிக்குக் குங்குமம் வைக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்கள் பெரிசு.

*

ஹூஸ்டன் பெரிசு:

பெட்டிக்கு வையுங்கள். ஒரு வருடம் நேராக ஸ்லைடில் சந்தனம் வைத்துவிட்டு மறுநாள் துடைத்தேன். வாரக் கடைசியில் பார்த்தால் வட்டமாக ஒரு துருப்பொட்டு, இன்னும் போகவில்லை. ஈரம், அப்புறம் தண்ணீர் தெளித்தது வேறு. ஸ்டீல் துப்பாக்கி சாமிக்கும் பயப்படாது, ஈரத்துக்குத்தான் பயப்படும்.

*

ஃபிரிஸ்கோ ராம்நாட்டான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

பெரிசு சொன்ன மாதிரி முதலில் கிளாக்கை எடுத்துக்கொண்டு போய் நிதானமாகச் சுட்டேன். இட்லி சின்னதானது உண்மை. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் இரண்டையும் வாடகைக்குக் கொடுக்கும் ரேஞ்ச் ஒன்று கண்டுபிடித்தேன், முக்கால் மணி நேர டிரைவ். மணல் மூட்டை மேல் கையை வைத்து 25 யார்டில் ஐந்து ஐந்தாகச் சுட்டேன். குண்டு எடையில் 115 கிரெயின், 124, 147 என்று மூன்று வகைத் தோட்டா. ஷேடோவில் மூன்றும் ஒரே அளவு, மெதுவடைக்குள் ஐந்தும். பி210-இல் 115 பரவாயில்லை, 147-இல் நாலு குண்டு ஒரே கிழிசலாக விழுந்தது, ஐந்தாவது நான் ட்ரிகரைத் தப்பாக இழுத்ததால் விலகியது, சுடும்போதே தெரிந்தது. தோட்டா மாற்றினால் துப்பாக்கியின் குணம் இவ்வளவு மாறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

ஆனால் முடிவு செய்தது அந்தக் கண்ணை மூடித் தூக்கும் சோதனைதான். ஷேடோவில் எனக்கு டபுள் ஆக்ஷன் ட்ரிகர் விரல் நுனிக்குத்தான் எட்டுகிறது, இழுக்கும்போது துப்பாக்கி இடது பக்கம் நகர்வது முன்குறியில் தெரிகிறது. பைத்தியம் சார் மன்னிக்க வேண்டும். பி210-ஐ ஏழு தடவை தூக்கினேன், ஏழு தடவையும் முன்குறி நடுவில்.

கடையில் இருந்த இரண்டு பி210-ஐயும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் ட்ரிகர் ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை நடுவில் சின்னதாக முரண்டியது. கடைக்காரரிடம் சொன்னேன், அவரும் இழுத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அடுத்த பெட்டியைத் திறந்தார். அதைத்தான் எடுத்தேன். 4473-இல் என் இனிஷியலுக்குப் பக்கத்தில் ஐ.ஓ. எழுதினேன், எடிசன் ஆளுக்கு நன்றி. இருந்தாலும் நிக்ஸில் (எஃப்.பி.ஐ.-யின் பின்னணிச் சோதனை) 'டிலே' என்று வந்தது, ஊரில் பாதிப்பேருக்கு என் பெயர்தான் இருக்கும் போல. அடுத்த நாள் மதியம் ஃபோன் வந்தது, போய் வாங்கிவந்தேன். இப்படியே ஒவ்வொரு தடவையும் நடந்தால் எஃப்.பி.ஐ.-யிடம் ஆளை அடையாளம் காட்டும் யு.பி.ஐ.என். என்று ஒரு எண் வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். இன்னொரு தடவை வாங்கும் திட்டம் இருக்கிறதா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டகமும் சேர்த்தே வாங்கினேன், தரையில் போல்ட் போட்டாயிற்று. பையனுக்கு ஒன்பது வயது. இங்கே டெக்ஸாஸில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் வைத்தவர் மேல் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்திருப்பேன், ஆனால் சட்டம் என்று சொன்னதால் அந்தச் செலவுக்கு மட்டும் வீட்டில் கேள்வி வரவில்லை.

இதுவரை 300 ரவுண்டு ஆகியிருக்கிறது. முதல் நூறில் இரண்டு தடவை ஸ்லைடு முழுதாக மூடாமல் நின்றது, எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டதும் சரியாகிவிட்டது. மேகசின் விலைதான் கொல்கிறது, கிளாக்குக்கு இரண்டு வாங்கும் காசு இதற்கு ஒன்றுக்கே போதவில்லை. துடைக்கக் கடையில் விற்கும் துணியை வாங்கவில்லை, அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இருந்தது, அதைக் கிழித்துப் பயன்படுத்துகிறேன். அதை விட நல்ல துணி கிடையாது.

*

கரூர் டு கேரி:

வாழ்த்துகள். வேட்டியில் ஜரிகைக் கரையை முதலில் வெட்டிப் போட்டுவிடுங்கள், நூல் பிரிந்து ஹேமருக்கு அடியில் போய் உட்காரும். ஊசி வைத்து எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.